கோதுமைக் களமும் அடுப்படியும்

தமிழ்ப் பட்டதாரியாகிய எம்மிடம் வரலாற்றுப் பாடமும் சேர்த்து ஒப்படைக்கப்பட்ட தவணையில் நிகழ்ந்தது இது. பத்தாந் தரத்து மாணவருக்கு வேளாண்மையில் யந்திரங்கள் புகுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். 1831ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் சைரஸ் மக்கோர்மிக் கதிரறுக்கும் யந்திரத்தை ஓட்டிக் காட்டினார். 1834இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அறுத்த கதிரைத் தானே கட்டாகக் கட்டும் பொறி வந்தது. நீராவியால் ஓடும் சூடடிக்கும் யந்திரம் வந்தது. ஒரு குடும்பம் ஒரு பருவத்தில் அறுத்தெடுக்கக்கூடிய நிலம் பன்மடங்காயிற்று என்று விளக்கினோம். அந்த யந்திரத்தைச் சூழ இருபதுக்கும் மேற்பட்டோர் வைக்கோற் போரின்முன் நிற்கும் பழைய புகைப்படம் ஒன்றையும் காட்டினோம். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "இவ்வளவு பேருக்கும் சமைச்சது ஆர், சேர்?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். பாடநூலில் விடை இல்லை, எமக்கும் தெரியவில்லை.

தெரியாதென்று ஒப்புக்கொண்ட பின் தேடத் தொடங்கினோம். தேடத் தேட, சிரித்ததற்காக வெட்கம் மேலிட்டது.

இந்த வினா எம்மண்ணுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா இலங்கைக்குக் கோதுமை மா அனுப்பியது. அந்த மா மலைநாட்டு லயங்களில் ரொட்டியாகவும் பட்டினத்துப் போறணைகளில் பாணாகவும் வெந்தது. வாணிப அளவில் கோதுமை விளையாத தீவு இது. காலையில் நாம் சம்பலோடு உண்ணும் பாண் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு தூரத்து வயலிலிருந்து வந்ததே. அந்த வயலில் உழைத்தவர்களுக்கு உணவிட்ட கைகளைப் பற்றிச் சிறிது பேசுவதில் தவறில்லை.

முதலில் நிலம். அமெரிக்கா 1862இலும் கனடா 1872இலும் இயற்றிய குடியேற்றச் சட்டங்கள், குடியேறிப் பண்படுத்துவோருக்கு 160 ஏக்கர் நிலத்தை ஏறக்குறைய இலவசமாக வழங்கின. இலவசம் என்ற சொல்லை நாம் எச்சரிக்கையோடு வாசிக்கவேண்டும். 1871இற்கும் 1877இற்கும் இடையில் கனடிய அரசு மேற்குச் சமவெளியின் பழங்குடிகளோடு ஏழு உடன்படிக்கைகளைச் செய்து அந்நிலத்தைக் கைப்பற்றியிருந்தது. அம்மக்களின் வாழ்வுக்கு ஆதாரமாயிருந்த காட்டெருமைக் கூட்டங்கள் அழிக்கப்பட்டுவிட்டன. பசியில் வாடியவர்களின் நிலம்தான், பின்னர் உலகுக்கு உணவூட்டும் களஞ்சியம் என்று புகழப்பட்டது. அந்த இலவச நிலமும் எல்லோருக்கும் கிட்டவில்லை. அமெரிக்காவில் மணமாகாத பெண் தன் பெயரில் நிலங் கேட்கலாம். கனடாவிலோ குடும்பத்துக்குத் தலைமை தாங்கும் கைம்பெண் போன்றோருக்கு மாத்திரமே அந்த உரிமை இருந்தது. கணவனோடு வந்து கல் பொறுக்கிய பெண், சட்டத்தின் கண்ணில் அவனோடு வந்த ஓர் ஆள், அவ்வளவே.

கோதுமைக்கு ஓர் அவசரம் உண்டு. கதிர் முற்றியபின் மழையோ ஆலங்கட்டியோ வந்தால் ஆண்டின் உழைப்பு வீண். கன்சாஸில் ஜூன் மாதத்தில் தொடங்கும் அறுவடை வடக்கு நோக்கி நகர்ந்து, ஆகஸ்டில் டக்கோட்டாக்களையும், அதன்பின் கனடியச் சமவெளியையும் எட்டும். கனடாவில் சூடடிப்பு ஒக்ரோபர் கடந்து முதற் பனி விழும்வரை நீள்வதுண்டு. இந்தச் சில வாரங்களுக்குத்தான் ஆட்கள் வெள்ளமாக வேண்டப்பட்டனர். 1890 முதல் 1930 வரை கிழக்குக் கனடாவிலிருந்து மேற்கே அறுவடையாளரை ஏற்றிச்செல்லக் குறைந்த கட்டணத்திற் சிறப்புப் புகையிரதங்கள் ஓடின. 1928இல் பிரித்தானியாவின் வேலையற்ற சுரங்கத் தொழிலாளர் ஏறத்தாழ 8,500 பேர் கடல் கடந்து அழைத்துவரப்பட்டனர். அமெரிக்கப் பக்கத்திலோ, சரக்குப் புகையிரதங்களில் ஒளிந்தேறி வடக்கு நோக்கிப் பயணஞ் செய்யும் நாடோடித் தொழிலாளர் படையொன்றே உருவாயிற்று.

வயலில் வேலை இவ்வாறு நடக்கும். அறுத்துக் கட்டப்பட்ட கதிர்க்கட்டுகள் சிறு சிறு கூம்புகளாக நிறுத்தி உலரவைக்கப்பட்டிருக்கும். நீராவி யந்திரமும் சூடடிக்கும் பெட்டியும் ஒரு பண்ணையிலிருந்து மறு பண்ணைக்கு இழுத்துச் செல்லப்படும். நீராவிக்காரன், சூடடிப்பவன், நெருப்பிடுபவன், நீர்த்தாங்கி வண்டியோட்டுபவன், கதிர்க்கட்டு வண்டிக்காரர், கட்டுகளைக் குத்தியெறிவோர், தானியம் அள்ளுவோர் என ஒரு குழுவில் பதினைந்து முதல் இருபத்தைந்து பேர்வரை இருப்பர். யந்திரத்தின் சொந்தக்காரனுக்குப் புசலுக்கு இவ்வளவு என்று கூலி. குழுவுக்கு உணவளிப்பது பெரும்பாலும் பண்ணைக்காரனின் பொறுப்பு. பண்ணைக்காரனின் பொறுப்பு என்று ஒப்பந்தம் சொல்லும். நிறைவேற்றுபவள் அவன் மனைவி.

அவள் நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நெருப்பிடுபவன் நீராவி ஏற்ற விடிகாலை நான்கு மணியளவில் எழுவான். அவனுக்கு முன்போ அவனோடோ அவள் எழவேண்டும். ஐந்து, ஆறு மணிக்குள் காலையுணவு: பொரித்த உருளைக்கிழங்கு, இறைச்சி, முட்டை, ஓட்ஸ் கஞ்சி, பாண், கோப்பி. அந்தக் கோப்பைகளைக் கழுவி முடிப்பதற்குள் ஒன்பது மணிச் சிற்றுண்டி; வாளியிற் கோப்பியும் கூடையிற் பாணும் கேக்கும் வயலுக்குப் போகவேண்டும், பெரும்பாலும் பிள்ளைகளின் கையில். நண்பகலிற் பேருணவு: வாட்டிய மாட்டிறைச்சி அல்லது கோழி, மசித்த கிழங்கு, குழம்பு, கோவா, போஞ்சி விதை, ஊறுகாய், அதன்மேல் பழத்தை மாவுறைக்குள் வைத்து வாட்டிய 'பை'. மாலை நான்கு மணிக்கு மீண்டும் வயலுக்குச் சிற்றுண்டி. இருள் சூழ்ந்தபின் இராவுணவு. இருபது பேர், ஐந்து வேளை: நாளொன்றுக்கு நூறு பேருக்கு ஒருவேளை உணவு சமைப்பதற்கு அது நிகர். மூன்று பெருவேளைக்கும் ஆளுக்கு மூன்று துண்டுப் பாண் என்று குறைத்து வைத்தாலும் நூற்றெண்பது துண்டு. அதையும் அவளே பிசைந்து, புளிக்கவைத்து, சுட்டெடுக்க வேண்டும். இராவுணவுக் கோப்பைகளைக் கழுவித் துடைத்த பிற்பாடு அவள் செய்யும் கடைசி வேலை, மறுநாட் பாணுக்கு உருளைக்கிழங்கு அவித்த நீரில் நொதியைக் கரைத்து மூடிவைப்பது.

இதற்கு நீர் கிணற்றிலிருந்து வரவேண்டும். விறகு மரமற்ற சமவெளியில் எளிதிற் கிடைக்காது. முதற் குடியேறிகள் முறுக்கிய புல்லையும் உலர்ந்த சாணத்தையும் எரித்தனர், பின்னர் நிலக்கரி வந்தது. கோடை முடியாத நாட்களில், தகரக்கூரையோ பலகைக்கூரையோ கொண்ட குசினியில், இரும்படுப்பு விடிகாலை தொடக்கம் இரவுவரை எரிந்துகொண்டிருக்கும். குளிரூட்டும் பெட்டி இல்லாத காலம். வெண்ணெயையும் பாலாடையையும் வாளியிலிட்டுக் கிணற்றுக்குள் தொங்கவிட்டனர். இறைச்சிக்கு அவர்கள் கண்ட வழி எம்மை வியக்கவைத்தது. அயற்பண்ணைகள் சில சேர்ந்து ஒரு வட்டம் அமைத்துக்கொள்ளும். கோடையில் வாரத்துக்கொரு மாடு, முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும். அறுத்த இறைச்சியைப் பங்கிட்டு, இவ்வாரம் தொடைப்பகுதி பெற்ற வீடு அடுத்த வாரம் விலாப்பகுதி பெறும்படி சுற்றிக்கொடுப்பர். ஒரு வீட்டுக்கு ஒரு மாடு பழுதாகிவிடும். பதினாறு வீட்டுக்கு அது ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கூட்டுறவு என்பதை எவரும் நூல் வாசித்துக் கற்பதற்கு முன்பே வெயில் அவர்களுக்குக் கற்பித்துவிட்டது.

இப்பெண்கள் இவ்வளவையும் எங்கே கற்றனர்? எமக்கு மிகச் சுவையாகப் பட்ட பகுதி இதுவே. சமையல் நூல்கள் ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு அளவு சொல்லின. ஆறு பேருக்குரியதை நான்கால் பெருக்கினால் இருபத்துநான்கு பேருக்குரியது கிட்டிவிடும் என்று எண்ணுபவர் அடுப்படியில் நின்றவரல்லர். பெருந்தொகையாகப் பிசைந்த மா தன் சூட்டைத் தனக்குள்ளேயே பிடித்துவைத்துச் சிறு மாவிலும் விரைந்து புளிக்கும். கவனியாதுவிட்டால் பொங்கி வழிந்து பின் புளித்துக் கெடும். பெரிய பானைக் கிழங்கு கொதிக்கத் தாமதிக்கும். கொதித்தபின் இறக்கிவைத்தாலும் உள்ளே வெந்துகொண்டேயிருந்து குழைந்துவிடும். போறணைக்குள் ஒருமுறை வைக்கக்கூடிய பாண்களுக்கு எல்லையுண்டு. ஆகவே மாவை ஒரே வேளையிற் பிசையாமல், முதற் சூடு வெளிவரும்போது அடுத்தது பொங்கி நிற்கும்படி இடைவெளிவிட்டுப் பிசையவேண்டும். அவ்வடுப்புகளில் வெப்பமானி இல்லை. போறணைக்குள் கையை நீட்டி எத்தனை எண்ணும்வரை பொறுக்கமுடிகிறது என்று பார்ப்பார்கள். அல்லது ஒரு துண்டுத் தாளில் மாவைத் தூவி உள்ளே வைத்து, அது எவ்வளவு விரைவிற் பழுப்பாகிறது என்று பார்ப்பார்கள். பைக்கு ஒரு சூடு, பாணுக்கு ஒரு சூடு, கேக்குக்கு மற்றொரு சூடு. கைத்தோல்தான் அங்கே அளவுகோல்.

இந்த அறிவுக்குப் பள்ளிக்கூடம் அயல்வீடு. ஒரு பண்ணையில் சூடடிப்பு நடக்கும்போது சுற்றிலுமுள்ள வீட்டுப் பெண்கள் உதவிக்கு வருவர். அடுத்த நாள் இவள் அவர்கள் வீட்டுக்குப் போவாள். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி, உருளைக்கிழங்கு தோலுரிப்பதிலும் கிளையொடித்து மேசையில் ஈ ஓட்டுவதிலும் தொடங்கி, கோப்பைகளைக் கழுவி, கோப்பி வாளி சுமந்து, ஓரிரு பருவத்தில் பாண் பிசைபவளாவாள். பதினைந்து, பதினாறு வயதில் கூலிப்பெண்ணாக வேறு வீட்டுக்குப் போவாள். நோர்வேயிலிருந்தும் உக்ரேயினிலிருந்தும் ஜேர்மனியர் வாழ்ந்த ருஷ்ய ஊர்களிலிருந்தும் வந்தோரின் பெண்மக்கள் பலர், ஆங்கிலங் கற்றது போலவே அப்பிள் பை சுடவும் ஆங்கிலேயர் வீட்டு வேலையிலேயே கற்றனர். தாய்க்கு அந்தப் பண்டம் தெரியாது. மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். புதுப்பழம் அரிதான சமவெளியில் உலர்ந்த அப்பிளும் முந்திரிகை வற்றலும் பூசணியும் பைக்குள் நுழைந்தன. தட்டுப்பாட்டிலிருந்து பிறந்த சுவையை அமெரிக்கப் பண்ணைவீட்டின் செல்வச் செழிப்பு என்று பிற்காலத்தார் பாடிவிட்டனர்.

கற்றது போதுமா என்று தேர்வு வைப்பவர் அந்த இருபது ஆடவரே. நல்ல மேசை வைக்கும் வீடு எது, நீர்த்த கோப்பி தரும் வீடு எது என்ற செய்தி யந்திரத்தோடு ஊரூராகப் பயணஞ் செய்யும். புதிதாய் மணமாகி வந்தவளுக்கு முதற் சூடடிப்பு ஒரு நீதிமன்றம். மழை வந்தால் நிலைமை இன்னும் மோசம். வேலை நின்றுவிடும், யந்திரக்காரனுக்கு வரும்படி நிற்கும், குழுவின் பசி மாத்திரம் நிற்பதில்லை. மூன்று நாள் மழையென்றால் மூன்று நாளும், சும்மா இருந்து சலித்த இருபது பேருக்கு, அவள் சேமித்துவைத்தது கரையக் கரையச் சமைத்துப் போடவேண்டும். வானத்தை அண்ணாந்து பார்ப்பவன் உழவன் என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். குசினிச் சாளரத்தினூடே அதே வானத்தைப் பார்த்தவளுடைய அச்சம் வேறொரு கணக்கைச் சேர்ந்தது.

டக்கோட்டாவிலும் கனடியச் சமவெளியிலும் பெரிய யந்திரக் குழுக்கள் தம்மோடு சமையல் வண்டியையும் இழுத்துச் சென்றன. சில்லுகளின்மேல் நிற்கும் நீண்ட ஒடுக்கமான பலகை வீடு அது. ஒரு முனையில் அடுப்பு; நடுவில் நெடுக ஒரு மேசை, இருபுறமும் வாங்குகள்; பக்கமெங்கும் சாளரங்கள். வெளியே வாங்கின்மேல் முகங்கழுவத் தட்டுகளும், ஒரே துவாயும். சமைப்பவர் பெரும்பாலும் இரு பெண்கள். சகோதரிகளாகவோ தோழியராகவோ இருப்பர். இரவில் அவ்வண்டிக்குள்ளேயே உறங்குவர். இங்கே ஒரு வேறுபாடு உண்டு: இவர்களுக்குக் கூலி கிடைத்தது. தன் பெயரில் நிலம் வாங்கவோ, ஆசிரியப் பயிற்சிக்குப் பணஞ் சேர்க்கவோ விரும்பிய இளம்பெண்ணுக்கு அந்த இரண்டு மாதக் கூலி சிறிய பொருளன்று. வகுப்பிற் காட்டிய புகைப்படத்தை நாம் பின்னர் எடுத்துப் பார்த்தோம். வலதோரத்தில், பாதி வெட்டுண்ட நிலையில், அத்தகைய வண்டியொன்றின் படியில் முன்றானைத்துணி கட்டிய இரு பெண்கள் நிற்கின்றனர். எத்தனையோ முறை பார்த்த படம்.

அயலவர் ஒருவருக்கொருவர் உதவும் முறையில் சூடடித்த ஊர்களில், பருவ முடிவில் ஒரு கூட்டம் கூடும். யார் வயலில் யார் எத்தனை மணித்தியாலம் உழைத்தார், யாருடைய வண்டியும் குதிரையும் எத்தனை நாள் போயின என்று கணக்குப் பார்த்து, மிகுதி குறைவைப் பணமாகத் தீர்த்துக்கொள்வர். அக்கூட்டத்துக்கு ஐஸ்கிறீமும் கேக்கும் பரிமாறுவதுண்டு. குதிரைக்கும் கணக்கிருந்தது. கேக் சுட்டவளின் மணித்தியாலங்கள் அந்த ஏட்டில் ஏறவில்லை.

தொழிலாளர் பக்கத்திலிருந்து பார்த்தால், உணவு ஒரு போராட்டப் பொருள். 1915 ஏப்ரலில், உலகக் கைத்தொழில் தொழிலாளர் சங்கத்தின் கிளையாக விவசாயத் தொழிலாளர் அமைப்பு கன்சாஸ் நகரில் உருவாயிற்று. அதன் கோரிக்கைகள் எளியவை: பத்து மணித்தியாலத்துக்கு மேற்படாத வேலைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று டொலர், மேலதிக மணித்தியாலத்துக்கு ஐம்பது சதம், நல்ல, சுத்தமான உணவு, சுத்தமான படுக்கையோடு உறங்க இடம், சங்கத்தாரிடம் பாகுபாடு காட்டாமை. கூலிக்கு அடுத்தபடியாக உணவையும் உறக்கத்தையும் வைத்த அம்மனிதர்களை நாம் மதிக்கிறோம். வைக்கோற் போரில் உறங்கி, பழுதான இறைச்சி தின்றவர்களே அதன் அருமையை அறிவர். சங்கத்தின் சிவப்பு அட்டையைக் காட்டினால் சரக்குப் புகையிரதத்தில் இறக்கிவிடமாட்டார்கள் என்ற நிலை சிலவிடங்களில் ஏற்பட்டது, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். 1917 செப்டெம்பரில் அரசு சங்க அலுவலகங்களை நாடெங்கும் சோதனையிட்டது. 1918இல் சிக்காகோ வழக்கில் தலைவர்கள் பலர் நீண்ட சிறைத்தண்டனை பெற்றனர்.

ஆயினும் அந்தக் கோரிக்கைப் பட்டியலை மீண்டும் வாசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. பத்து மணித்தியால வேலைநாள் வயலில் நிற்பவனுக்கு. சுத்தமான உணவை ஆக்கிப் படைப்பவளுக்கு எத்தனை மணித்தியாலம்? அவன் கேட்ட ஒவ்வொரு நியாயமான வேளையும் பண்ணைக்காரன் வழியாக அவள் முதுகில் இறங்கியது. அவள் முதலாளியின் மனைவிதானே என்று சிலர் சொல்லலாம். 160 ஏக்கரையும் வங்கிக் கடனையும் வைத்திருந்த சிறு பண்ணைக்காரனின் மனைவியை முதலாளி வர்க்கமென ஒதுக்கிவிட எம்மால் இயலவில்லை. அவளுக்குத் துணையாய் நின்ற கூலிப்பெண்ணை எந்த வர்க்கத்தில் வைப்பது? அதே சங்கத்தின் உள்ளேயே இவ்வினா எழுந்தது என்பதும் உண்மை. 1916இல் டென்வர் நகரில் ஜேன் ஸ்ட்ரீட் என்ற பெண், வீட்டு வேலைக்காரிகளைச் சங்கமாகத் திரட்டி, எந்த எசமானி எவ்வாறு வேலை வாங்குகிறாள் என்று அட்டைகளிற் பதிந்துவைத்தார். பண்ணைக் குசினியைப் பொறுத்தவரை அத்தகைய சங்கம் எதையும் நாம் காணவில்லை. சிதறிக் கிடக்கும் வீடுகள், மைல் கணக்கான இடைவெளி, ஆண்டில் இரு மாத வேலை: அங்கே வாயிற்கதவில் நின்று மறியல் செய்வது எவ்வாறு?

எனினும் அவர்கள் பேசாமலிருந்தனர் என்று சொல்வது தவறு. 1913இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஐம்பத்தையாயிரம் பண்ணைவீட்டுப் பெண்களுக்கு, திணைக்களம் உங்களுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு மடல் அனுப்பியது. 2,241 விடைகள் வந்தன. 1915இல் நான்கு அறிக்கைகளாக வெளியிடப்பட்டன. நீர் சுமப்பது, முடிவற்ற வேலைநாள், கையிற் சொந்தப் பணமின்மை, கூலியாட்களுக்குச் சமைத்துப் போட்டே தேய்வது என்று அவ்விடைகள் விரிகின்றன. 1920இல் ஏறக்குறைய பத்தாயிரம் பண்ணைப் பெண்களிடம் நடத்திய ஆய்வொன்று, கோடையில் அவர்களின் சராசரி வேலைநாள் பதின்மூன்று மணித்தியாலத்துக்கும் சற்று மேல் என்று கண்டது.

அரசு செய்தது என்ன? 1914ஆம் ஆண்டின் சிமித்–லீவர் சட்டத்தின் கீழ் விவசாய விரிவாக்க அலுவலர்கள் ஊரூராய் அனுப்பப்பட்டனர். ஆடவருக்கு மண், விதை, கால்நடை பற்றிய பாடம். பெண்களுக்குப் பாண் சுடுதல், பழந் தகரத்திலடைத்தல், குசினியைத் திருத்தியமைத்தல் பற்றிய பாடம். பயனற்ற பாடமென்று கூறமாட்டோம். கொதிநீரிற் போத்தலைச் சுத்திசெய்யக் கற்றதால் பல குடும்பங்கள் நோயிலிருந்து தப்பின. ஆனால், பரம்பரையாகக் கைமாறிய அறிவுக்கு உரியவளை ஒன்றும் அறியாதவளாக எண்ணி, உழைப்பைக் குறைக்கக் கேட்டவளுக்கு உழைப்பை நன்றாகச் செய்யக் கற்பித்தமை விந்தை. 1910ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டு அலுவலருக்கு வழங்கப்பட்ட அறிவுறுத்தல் இன்னும் வெளிப்படையானது: கூலியின்றிச் சொந்த வீட்டில் வீட்டுவேலை மாத்திரம் செய்யும் பெண்ணுக்குத் தொழில் என்ற நிரலில் 'எதுவுமில்லை' என்று எழுதவேண்டும். நாளைக்கு நூறு பேருணவு சமைத்தவளின் பெயருக்கெதிரே அரசாங்கம் இட்ட சொல் அது.

சட்டமும் அவ்வழியே சென்றது. மேற்குக் கனடாவில், கணவன் நிலத்தில் மனைவிக்கிருந்த வாழ்நாட் பங்குரிமையை 1886ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியிருந்தது. அவன் நினைத்தால் அவளைக் கேளாமலே பண்ணையை விற்கலாம். மாதர் அமைப்புகளும் தானியம் விளைவிப்போர் சங்கங்களின் மகளிரும் ஆண்டுக்கணக்கில் வாதாடிய பின்னரே அல்பேர்ட்டாவில் 1917இலும் மானிட்டோபாவில் 1918இலும் அவ்வுரிமையின் ஒரு பகுதி மீண்டது. அதற்குச் சற்று முன்னர், 1916இல், மூன்று சமவெளி மாகாணங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கின. கனடாவில் அவையே முதலில் வழங்கியவை.

பின்னர் அறுப்பதையும் அடிப்பதையும் ஒருங்கே செய்யும் கூட்டு யந்திரம் வந்தது. 1920களில் பெருஞ் சமவெளியிற் பரவத் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய முறையை முற்றாக விழுங்கிற்று. 1944இல் மசி–ஹரிஸ் கம்பனி, தானே ஓடும் கூட்டு யந்திரங்கள் ஐந்நூற்றைத் தெற்கே டெக்சாஸிலிருந்து வடக்கே கனடா நோக்கி வயல் வயலாக அறுத்துச்செல்ல அனுப்பியது. போர்க்கால ஆட்பற்றாக்குறைக்கு அது விடை. கம்பனிக்கோ மிகச் சிறந்த விளம்பரம். இருபது பேர் செய்ததை இருவரோ மூவரோ செய்தனர். நாடோடித் தொழிலாளர் படை கலைந்தது. பண்ணைப் பெண்ணின் அடுப்பு தணிந்தது. அவர்களில் எவரும் அந்தச் சுமைக்காக ஏங்கியழுததாக நாம் வாசிக்கவில்லை. ஆயினும் அயல்வீட்டுப் பெண்கள் ஒரு மேசையைச் சுற்றிக் கூடிப் பேசி வேலை செய்த நாட்களும் அதனோடு போயின. யந்திரம் வாங்க இயலாத சிறு பண்ணைகள் பெரியவற்றோடு கரைந்தன. இன்று சில ஊர்களில் பழைய யந்திரங்களைத் துடைத்து ஓட்டிக்காட்டும் விழாக்கள் நடக்கின்றன. மினசோட்டாவின் றொலாக் என்னுமிடத்தில் 1954 முதலும் மானிட்டோபாவின் ஒஸ்ரினில் 1955 முதலும் அவை கூடுகின்றன. நீராவி ஊதல் கேட்டு மக்கள் திரளுகின்றனர்.

அடுப்படி உழைப்பின் விலை என்ன என்ற வழக்கோ முடியவில்லை. அல்பேர்ட்டாவைச் சேர்ந்த ஐரீன் மேர்டொக் 1943இல் மணமுடித்தவர். முதல் ஆண்டுகளில் கணவனும் மனைவியும் பண்ணைகளிற் கூலிக்கமர்ந்தனர். பின்னர் நிலம் வாங்கினர். கணவன் ஆண்டில் ஐந்து மாதம் வெளிவேலைக்குப் போக, அவர் புல் வெட்டினார், உழவு யந்திரமும் பாரவண்டியும் ஓட்டினார், மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிச்சென்றார், தடுப்பூசியிட்டார், குறிசுட்டார். 1968இல் பிரிந்தபோது நிலத்தில் பங்கு கேட்டார். எந்தப் பண்ணை மனைவியும் செய்யும் வேலையையே இவரும் செய்தார் என்று கீழ் நீதிமன்றம் கூறியது. 1973இல் கனடிய உயர் நீதிமன்றமும் அவருக்குப் பங்கில்லையென்றே தீர்த்தது. நீதியரசர் போரா லஸ்கின் மாத்திரம் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். நாடெங்கும் பெண்கள் கொதித்தெழுந்தனர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மாகாணங்கள் மணவாழ்க்கைச் சொத்துச் சட்டங்களை மாற்றியமைக்க நேர்ந்தது. எல்லாப் பெண்களும் செய்யும் வேலையாதலால் அதற்கு மதிப்பில்லை என்ற அந்த வாதத்தை நாம் பலமுறை வாசித்தோம். எம் வயல்களில் அரிவு வெட்டுக்குக் கஞ்சிப்பானை சுமந்து வரம்பில் நடப்பவர்களின் முகம் நினைவுக்கு வந்ததை மறைக்கமுடியாது.

கூட்டு யந்திரங்களை வாடகைக்கு ஓட்டும் குழுக்கள் இன்றும் ஆண்டுதோறும் டெக்சாஸில் தொடங்கி மொன்ரானாவரை கோதுமையோடு வடக்கே நகருகின்றன. யந்திரமோட்டுபவருள் தென்னாபிரிக்கா முதலிய நாடுகளிலிருந்து பருவ அனுமதியில் வருவோர் பலர். குழுவின் பின்னே வசிப்பு வண்டிகளும் செல்லும்; அவற்றிலொன்று குசினி. பல குழுக்களில் அங்கே சமைப்பவர் குழு உரிமையாளரின் மனைவி. வயலோரத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்து, மூடிய தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு, எந்த யந்திரம் முதலில் நிற்கிறது என்று புழுதிக்கூடே பார்த்துக்கொண்டு நிற்பார். அறுவடை நள்ளிரவுவரை நடக்கும் நாட்களில் இராவுணவும் அவ்வேளைக்கே போகும்.